வேடியப்பனின் ஊதாச் சட்டை

நிறத்தைப் பற்றி வளவனிடம் வாயைக் கொடுத்துச் சும்மா திரும்பியவர் திருவண்ணாமலையில் யாரும் இல்லை. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அச்சடிக்க வந்தவர், "நல்ல சிவப்பா போடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வான். "எந்தச் செவப்பு? மஞ்ச ஜாஸ்தியா இருக்கற செவப்பா, ராணி ஜாஸ்தியா இருக்கற செவப்பா?" என்பான். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். ராணி என்பது புடவைக் கடைக்காரர்கள் சொல்லும் அடர்ந்த ரோஜா நிறம். மஞ்சள், ராணி, நீலம் என்று மூன்று டப்பா மையும், கூடக் கொஞ்சம் கறுப்பும் வெள்ளையும் இருந்தால் உலகத்தில் உள்ள எந்த நிறத்தையும் கலந்து காட்டுவேன் என்பது அவன் பேச்சு. வெறும் பேச்சில்லை, கலந்தும் காட்டுவான். வினையே அதில்தான் வந்தது.

தேரடி வீதிக்குப் பின்சந்தில் அவன் அச்சுக்கடை. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்து அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் வேலை. பக்கத்துக் கடையில் நிறக் கணக்குப் பார்க்கும் அட்டைகள் விற்றாலும் வாங்கமாட்டான். "ஷேடு கார்டப் பாத்து மை கலக்கறவன் அச்சுக்காரனா?" என்று கேட்பான். ஒருமுறை மகள் சினேகாவின் ஓவிய நோட்டில் 'சிவப்பு, நீலம், மஞ்சள் முதன்மை நிறங்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா' என்று எழுதியிருந்தது, ஆசிரியரும் சரி போட்டிருந்தார். வளவன் அந்தச் சரிக்குறியின் மேலேயே 'தப்பு' என்று எழுதிவிட்டான். அதோடு விட்டானா? மகளைக் கடைக்குக் கூட்டிவந்து, சிவப்பு மையில் நீலத்தை ஊற்றிக் கலக்கினான். சாக்கடைத் தண்ணீர் நிறத்தில் ஒன்று வந்தது.

"பாத்தியா? செவப்புங்கறது தனி ஆளு இல்ல பாப்பா. அதுக்குள்ள மஞ்ச ஏற்கெனவே ஒளிஞ்சினு இருக்குது. அதுல நீலத்தக் கொண்டுபோயி வுட்டா மூணும் ஒரே வூட்ல மாட்டிக்கும். ரெண்டு பேரு கூடினா புது நெறம் பொறக்கும். மூணு பேரு கூடினா சேறுதான். ஊதா வேணும்னா நீலத்துல ராணியத்தான் வுடணும்."

பிள்ளை அதை அப்படியே பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டு வந்தது. வளவனின் மனைவி தமிழ்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அவனோ, "அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று மீசையில் மண் ஒட்டாமல் நடந்தான்.

பங்குனி பௌர்ணமி முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டிருந்த ஒரு காலையில் சந்திரம்மாள் அந்தக் கடைக்கு வந்தாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கூழ் விற்கிறவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் புருஷனின் வாக்காளர் அட்டையை வைத்திருந்தாள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டதாம். யாரோ, 'நோட்டீஸ் அடிச்சு ஒட்டு' என்றார்களாம்.

"எங்க வூட்டுக்காரருங்க சார். வேடியப்பன்னு பேரு. போன வருசம் வாதம் அடிச்சதுல பேச்சு போயிடுச்சு. பேரக் கேட்டாக்கூடச் சொல்ல வராது. காலு மட்டும் நல்லா நடக்கும்."

பௌர்ணமியன்று அவரைக் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். கூட்டமோ கூட்டம். குனிந்து சொம்பு கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை. எழுந்து கூட்டத்தோடு நடந்துவிட்டார். இவள் ஓடித் தேடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க்கா போயித் தேடல?" என்றான் வளவன்.

"மலையச் சுத்தற கூட்டந்தானே சார்? எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போறாங்க. போனவரு சுத்திகினு அதே எடத்துக்கு வந்துருவாருன்னு இருந்தேன். நான் தேடிகினு போயி, அவரு இந்தாண்ட வந்து நின்னா என்னா பண்றது?"

வளவன் வாக்காளர் அட்டையைக் கையில் வாங்கினான். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. விடிந்து, கூட்டம் வடிந்து, துப்புரவுக்காரர்கள் வந்து பாதையைப் பெருக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அட்டையில் இருந்த படம் பழையது. தலை நிறைய முடியும் கனத்த மீசையுமாக ஒரு முரட்டு ஆள். இப்போதிருக்கும் வேடியப்பனோ மொட்டைத் தலை, மழித்த முகம், பாதியாக இளைத்த உடம்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் படம் எடுத்துவைக்க யாருக்குத் தோன்றும்? இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தான் வளவன். முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. அதை வைத்து அவரைப் பெற்ற தாய்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

"என்னா போட்டிருந்தாரு?"

"வெள்ள வேட்டிங்க. ஊதாச் சட்ட."

"ஊதான்னா எப்படிக்கா? வெளிறுன ஊதாவா, அழுத்தமான ஊதாவா?"

"நல்ல ஊதாங்க சார். அழுத்தமா இருக்கும். தீவாளிக்கு நாந்தான் எடுத்தேன். ரெண்டு தண்ணிதான் பட்டிருக்கும், சாயமே போவல."

"பூப் போட்டதா? கோடு போட்டதா?"

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் ஊதா."

வளவனுக்கு வழி தெரிந்துவிட்டது. முகத்தைச் சின்னதாகப் போடுவது. அதன் கீழே பெரிதாக ஒரு சட்டையை வரைந்து, அந்தச் சட்டையை அதன் நிறத்திலேயே அடிப்பது. "படிக்கத் தெரிஞ்சவன் எவனும் நின்னு படிக்கமாட்டான்க்கா. படிக்கத் தெரியாதவன்தான் படத்தப் பாப்பான். பாதிக் கூட்டம் ஆந்திராவுலருந்து வருது, அவன் நம்ம எழுத்த என்னா பண்ணுவான்? கலரு எல்லாருக்கும் தெரியும்" என்றான். கலர் ஜெராக்ஸ் ஒரு தூறலுக்குத் தாங்காது, நானே கெட்டி மையில் அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றும் சொன்னான். சந்திரம்மாள் கும்பிட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

அவனிடம் ஊதா டப்பா கிடையாது. கிடையாது என்பதே அவனுக்குப் பெருமை. நீல டப்பாவைத் திறந்து தட்டில் ஊற்றினான். எட்டிப் பார்த்த தமிழ்செல்வி, "நீலமே பளிச்சுனு இருக்குதே. அப்படியே அடிச்சுக் குடுத்துடுங்களேன். அந்தம்மா பாவம், வெயில்ல உக்காந்துகினு இருக்குது" என்றாள்.

"உன் புருஷன் காணாமப்போனா நீலத்தப் பூசிட்டு ஊதான்னு ஒட்டிக்க. இது அடுத்தவங்க புருஷன்" என்று வள்ளென்று விழுந்தான் வளவன்.

அவள் உதட்டைச் சுழித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் ராணியைக் கொஞ்சமாக விட்டான். கலக்கினான். நீலம் மெல்ல இளகி ஊதாப் பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் விட்டான். காகிதத்தில் தொட்டு வைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ராணி ஒரு சொட்டு கூடினால் மிட்டாய் நிறத்துக்குப் போய்விடும், குறைந்தால் நீலமாகவே நின்றுவிடும். அந்த நடு இடத்தைப் பிடிக்க அவனுக்கு நேரமானது. பிடித்துவிட்டான். கத்திரிப்பூ தோற்றுப்போகும் ஊதா. அப்படி ஒரு ஊதாவை அவனே அதற்குமுன் கலந்ததில்லை.

முதல் நோட்டீஸை ஈரத்தோடு கொண்டுபோய் அவளிடம் காட்டினான். சந்திரம்மாள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல உதடு அசைந்தது. பிறகு, "ரொம்ப நல்லா இருக்குதுங்க சார்" என்றாள்.

அவனே தன் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய் ஒட்டினான். பேருந்து நிலையம், ரயிலடி, கிரிவலப் பாதையில் லிங்கக் கோயிலுக்கு லிங்கக் கோயில், டீக்கடைச் சுவர்கள், மின்கம்பங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சினிமா போஸ்டர்களுக்கு நடுவிலும் அந்தச் சட்டை தனியாகத் தெரிந்தது. வளவன் வண்டியை நிறுத்தி நிறுத்தித் தன் கைவேலையைத் தானே பார்த்துக்கொண்டான். இரண்டொரு நாளில் ஆள் கிடைத்துவிடுவார் என்று உறுதியாக நம்பினான். அவளிடம் அப்படியே சொல்லவும் செய்தான், பாவி.

நோட்டீஸில் இருந்தது வளவனின் எண். சந்திரம்மாளுக்குப் போன் வந்தால் எடுத்துப் பேசத் தடுமாற்றம் என்பதால் அவனே தன் எண்ணைப் போட்டிருந்தான். அழைப்புகள் வந்தன. வராமல் இல்லை. வந்ததெல்லாம் ஊதாச் சட்டைக்காரர்கள். ரமணாசிரமத்துக்கு வந்திருந்த பெங்களூர்க்காரர் ஒருவரை ஆட்டோக்காரர்கள் மறித்து வைத்துக்கொண்டு போன் செய்தார்கள். அந்த மனுஷர் நல்ல ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டிருந்தது பின்னால் கேட்டது. செங்கம் சாலையில் குடித்துவிட்டுக் கிடந்த ஒருவனைக் காட்ட இரண்டு பேர் கூப்பிட்டார்கள். வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்த ஒருவர், 'பேசாமல் நிற்கிறார்' என்பதற்காகவே பிடிக்கப்பட்டார். மனு கொடுக்க வந்தவர் வேறெப்படி நிற்பார்?

ஒவ்வொரு முறையும் சந்திரம்மாளை ஏற்றிக்கொண்டு போனான். அவள் புருஷனின் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். "மாத்தர போடாம எத்தினி நாளு தாங்குவாருன்னு தெரியல சார். டாக்டரு நிறுத்தவே கூடாதுன்னாரு" என்பாள். ஆளைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்பாள். முடிச்சை அவிழ்க்காமலே திரும்புவாள். முதலில் வண்டியில் ஏதாவது பேசிக்கொண்டு வந்தவள், போகப் போகப் பேச்சை நிறுத்திவிட்டாள். சித்ரா பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம். அன்றைக்கு அவள் கூழ் காய்ச்சவில்லை. அதே இடத்தில் வெறுமனே உட்கார்ந்து, சுற்றி வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அழைப்புகள் நின்றுபோயின. அக்கினி நட்சத்திரம் வந்து ஊரை வறுத்தெடுத்தது. வளவன் மறுபடி தாம்பூலப் பைகளில் மூழ்கினான்.

வைகாசியில் ஒருநாள் போன் அடித்தது. ஈசானிய லிங்கத்துக்கு முன்னால் டீக்கடை வைத்திருக்கும் ஆதிமூலம் என்றார். எழுத்துத் தெரியாது, எண் மட்டும் படிப்பேன், அதை வைத்துத்தான் கூப்பிடுகிறேன் என்றார்.

"நோட்டீசுல இருக்கற ஆளு எங்க கடையாண்டதாங்க இருந்தாரு."

இருந்தாரு என்றுதான் ஆதிமூலம் சொன்னார். இருக்காரு என்று வளவனின் காதில் விழுந்தது. ஆசை காதையும் கெடுக்கும். அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அடி அண்ணாமலைக்குப் பறந்தான். சந்திரம்மாள் செருப்பைக்கூட மாட்டவில்லை. வண்டியில் ஏறியதிலிருந்து, "மாத்தர இருக்குது, மாத்தர இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆதிமூலம் கடைக்கு வெளியே வந்து நின்றார். இவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெஞ்சைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"பங்குனி பௌர்ணமி கழிஞ்சி, இந்த நோட்டீசு ஒட்டுன ரெண்டு நாளைக்கு அப்புறம் இங்கதாம்மா வந்து குந்தினாரு. மொட்டத் தல. பேசவே மாட்டாரு. கைய மட்டும் இப்படித் தூக்குவாரு. நம்ம ஊர்லதான் தெரியுமே, பேசாதவங்களுக்கா பஞ்சம்? மௌனச் சாமியாருன்னு நெனச்சிட்டேன். போறவங்க வர்றவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. பழம் வெப்பாங்க, பிஸ்கட் வெப்பாங்க. கால்லகூட வுழுவாங்க. அவரு பாட்டுக்கு ரோட்டையே பாத்துகினு இருப்பாரு. நானு ரெண்டு வேள டீ குடுப்பேன்."

"இப்ப எங்க?" என்றாள் சந்திரம்மாள்.

"சித்ரா பௌர்ணமிக்கு முன்னாடியேம்மா. காலையில கடையத் தொறக்க வந்தேன். எழுப்பனேன், எழுந்திருக்கல. நாந்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில ஒடம்பக் கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டு, யாரும் வரலைன்னு போலீசுல சொல்லி அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

அவள் அழவில்லை. முந்தானை முடிச்சின் மேல் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். வளவனுக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆள் உட்கார்ந்திருந்ததாக ஆதிமூலம் காட்டிய இடம் கடையின் பக்கச் சுவர். அந்தச் சுவரில்தான் வளவன் தன் கையால் நோட்டீஸை ஒட்டியிருந்தான். வேடியப்பன் தன்னுடைய நோட்டீஸின் கீழேயே உட்கார்ந்து நாட்களைக் கழித்திருக்கிறார்.

"யோவ், கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு? தலைக்கு மேலயே ஒட்டியிருக்குது. சட்ட கண்ணப் பறிக்குது. இப்பக் கூப்புட்ற நீ, அன்னிக்கே கூப்புட்டிருந்தா மனுசன் உசுரோட இருந்திருப்பாரே!"

ஆதிமூலம் கோபித்துக்கொள்ளவில்லை. பாவமாகப் பார்த்தார்.

"அன்னிக்கி நோட்டீசு வேற கலருல இருந்துச்சுங்க. கத்திரிப்பூ கலரு. நானும் பாத்தேன், அவரையும் பாத்தேன். மூஞ்சியும் வேற, சட்டையும் வேற, இது வேற யாரோன்னு வுட்டுட்டேன். இப்ப வெயில்ல காஞ்சி காஞ்சித்தானே சரியான கலருக்கு வந்துச்சு? காலையில பாத்தேன், அட, சாமியாரு போட்டிருந்த சட்டையாச்சேன்னு திக்குனு ஆயிடுச்சு. ஒடனே கூப்புட்டேன்."

வளவன் சுவரைப் பார்த்தான். வெயில் நேராக விழுகிற சுவர். நோட்டீஸில் சட்டை இருந்தது. ஊதா இல்லை. பளிச்சென்ற நீலம். ராணி வெயில் தாங்காத மை. அச்சுத்தொழிலில் இருக்கும் யாருக்கும் அது தெரியும். நீலம் நிற்கும், ராணிதான் முதலில் பறக்கும். அக்கினி வெயில் ஒவ்வொரு நாளாக அவன் கலந்த ராணியைத் தின்று, டப்பாவில் இருந்த நீலத்தை வெளியே எடுத்து வைத்திருந்தது.

சந்திரம்மாள் எழுந்து வந்தாள். காகிதச் சட்டையைக் கையால் தடவினாள்.

"இதாங்க சார்" என்றாள். "இதே ஊதாதான். இப்பதான் அவுரு சட்ட மாதிரியே இருக்குது."

அப்போதுதான் வளவனுக்கு உறைத்தது. அவன் பிறந்த போளூர்ப் பக்கத்து ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். வானம் ஊதா, பேனா மை ஊதா, ரேஷன் கடைக் கதவு ஊதா. நீலம் என்கிற சொல் அவனுக்கே பள்ளிக்கூடம் போனபிறகு வந்ததுதான். தொழிலுக்கு வந்து, மை டப்பாக்களின் பெயர் படித்து, நிறங்களுக்கு வக்கீலாகி, கேட்டு வளர்ந்த சொல்லைத் துடைத்துப் போட்டுவிட்டான். அவள் தன் ஊதாவைச் சொன்னாள். இவன் தன் ஊதாவைக் கேட்டான். அழுத்தமா வெளிறலா, பூவா கோடா என்று ஆயிரம் கேட்டவன், கடைத்தெருவில் ஒரு துணியைக் காட்டி 'இதுவா?' என்று கேட்கவில்லை. அவள் அன்றைக்கு ஒரு சோம்பேறி அச்சுக்காரனிடம் போயிருந்தால், அவன் டப்பாவைத் திறந்து இருந்ததை ஊற்றி அடித்திருப்பான். வேடியப்பன் வீட்டுக்கு வந்திருப்பார். தமிழ்செல்விகூடச் சொன்னாளே! வாயை மூடிக்கொண்டு அவள் பேச்சைக் கேட்டிருந்தாலும் வந்திருப்பார்.

"அக்கா" என்றான். நோட்டீஸைத் தொட்டுக் காட்டினான். "அக்கா, இதுக்குப் பேரு நீலம்க்கா."

"நீலமா?"

"ஆமா. புஸ்தகத்துல ஊதான்னா அந்தக் கத்திரிப்பூ கலரு. நான் அதத்தான் நெனச்சேன். நீங்க சொன்னது எனக்குப் புரியல. நீலத்துல நான் கையே வெச்சிருக்கக் கூடாது. தப்பு பண்ணிட்டேன்க்கா. நான்தான் பண்ணிட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். நாலு அறை அறைந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான்.

"அன்னிக்கி நான் காட்டனப்பகூட ஒண்ணும் சொல்லலியேக்கா. கலரு வேறயா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே."

"பாத்தேன் சார். கொஞ்சம் செவந்தாப்பல இருக்குதேன்னு தோணுச்சு. அச்சுல போட்டா இப்படித்தான் வரும்போல, நமக்கு என்னா தெரியும்னு வுட்டுட்டேன். நீங்க வேற அவ்ளோ பாடுபட்டு அடிச்சிகினு வந்து நிக்கறீங்க. அதப் போயி நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது? அதுவும் காசு வாங்காம செய்யறவங்ககிட்ட?"

காகிதச் சட்டையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாக, "அப்ப, நான்தான் பேரு மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள்.

"அய்யோ, இல்லக்கா! நீங்க சொன்னது சரிதான். நான்தான்..."

"கட்டன புருசன் என்னா சட்ட போட்டிருந்தாருன்னு சொல்லத் தெரியல எனக்கு" என்றாள் அவள், அவன் பேசியது காதில் விழாதவளைப் போல. "நீலம்னு ஒரு வார்த்த. அத்த சொல்லியிருந்தா போதும். கெடச்சிருப்பாரு."

அதற்கு மேல் வளவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஆதிமூலமும் சொன்னார். எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. நிறத்தைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் வாயடைக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு மனுஷியின் மேல் தப்பு இல்லை என்று அவளை நம்பவைக்கத் தெரியவில்லை.

மூன்று பேருமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அவள் புகார் கொடுத்தது ஒரு நிலையம், உடலைப் பற்றி எழுதிவைத்தது இந்த நிலையம். அந்தப் புகாரில் 'ஊதா நிறச் சட்டை' என்று இருந்தது. இங்கே இருந்த காகிதத்தில், 'அடையாளம் தெரியாத சாமியார், நீல நிறச் சட்டை' என்று இருந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவரவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள்.

ரேணுகாம்பாள் என்ற பெண் காவலர், இறந்தவரை எடுத்துவைத்திருந்த படத்தைக் காட்டினார். சந்திரம்மாள் அவர்தான் என்று தலையை ஆட்டினாள். காவலர் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து, சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார். அழுக்கேறிக் கசங்கியிருந்தது. ஆனாலும் சாயம் போகவில்லை. நீல டப்பாவைத் திறந்ததும் மேலாகத் தெரியுமே, அந்த நிறம். ஒன்றும் கலக்காத நிறம். வளவன் அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சட்டைய வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்துப் போடணும்மா" என்று ரேணுகாம்பாள் காகிதத்தை எடுத்துவைத்தார். பெயர், ஊர், இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். "உங்க வூட்டுக்காரர் சட்டதானே? நீங்களே பாத்துச் சொல்லுங்க. என்னா கலரு?"

சந்திரம்மாள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சட்டையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வளவனைக் காட்டினாள்.

"சாரக் கேளுங்கம்மா. எனக்குக் கலரு சொல்லத் தெரியாது."

வளவன் ஜன்னலை விட்டுத் திரும்பினான். மேஜைக்கு அருகில் வந்தான்.

"ஊதாங்க" என்றான்.

ரேணுகாம்பாள் நிமிர்ந்தார். "ஊதாவா? நீலமா இல்ல இருக்குது?"

"ஊதாதாங்க மேடம். அந்தம்மா மொதல்லருந்து சொல்லிகினு இருக்கறது அதான். அவங்க சொன்னதுதான் சரி. ஊதான்னே எழுதுங்க."

சந்திரம்மாள் பதறிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா, வேணாம்! நீலம். அது நீலந்தான். நீலம்னே எழுதிக்கோங்க" என்றாள். எழுதி முடிக்கிறவரை கண் எடுக்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீலம்னு எழுதிட்டீங்களா?" என்று இன்னொருமுறை கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டாள்.